காருக்கு எத்தனை மார்க்?

சனிக்கிழமை சாயங்காலம். பக்கத்து ஃப்ளாட் தம்பி வாசலில் வந்து நின்றான். பேங்க் வேலை. வயது இருபத்தேழு. போன மாதம்தான் ப்ரொமோஷன். கையில் ஒரு பேப்பர். முகத்தில், பிளஸ் டூ ரிசல்ட் பார்த்த பையனின் பரவசம்.

"அண்ணா, முடிவு பண்ணிட்டேன். இதுதான் என் கார். கம்பேரிசன்ல ஃபர்ஸ்ட் வந்திருக்கு. முப்பத்தேழு மார்க்! அடுத்தது முப்பத்தாறு!"

"எத்தனைக்கு?"

"அம்பதுக்கு."

"யாருக்கு ஓட்டறதுக்குப் போட்ட மார்க்குப்பா?"

தம்பி விழித்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எல்.கே.ஜி.யிலிருந்து மார்க்கோடு வளர்ந்தவர்கள் நாம். ஒரு கட்டம் போட்டு, உள்ளே எண்களை எழுதி, கீழே கூட்டி, ஃபர்ஸ்ட், செகண்ட் என்று போட்டுவிட்டால் போதும். அதற்குமேல் கேள்வி கேட்க நமக்கு நாக்கு எழாது.

அடியேன் பி.காம். இன்ஜினைத் திறந்து காட்டினால் எது பேட்டரி என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் கூட்டல், பெருக்கல், சராசரி மூன்றும் தெரியும். கார் வாங்குகிறவனை ஏமாற்றுவது பெரும்பாலும் இன்ஜின் இல்லை சார், இந்தக் கூட்டல்தான்!

"உட்காரு. காபி குடி. அந்தப் பேப்பரைக் கொடு" என்றேன்.

இட்லி, தோசை, பொங்கல்

மூன்று கார்கள். பெயர் சொன்னால் வம்பு. ஆகவே இட்லி, தோசை, பொங்கல் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க்.

தோசை: இன்ஜின் 9, வசதிகள் (பெரிய ஸ்கிரீன், சன்ரூஃப் வகையறா) 9, பாதுகாப்பு 8, பின் சீட் 5, செலவு 6. மொத்தம் 37.

இட்லி: இன்ஜின் 6, வசதிகள் 7, பாதுகாப்பு 5, பின் சீட் 8, செலவு 10. மொத்தம் 36.

பொங்கல்: இன்ஜின் 6, வசதிகள் 5, பாதுகாப்பு 9, பின் சீட் 8, செலவு 7. மொத்தம் 35.

தோசைதான் ஃபர்ஸ்ட். தம்பி சொன்னது சரி.

"இப்ப இதை என் வீட்டுக்குப் போட்டுப் பார்ப்போம்" என்றேன். என் வீட்டில் ஸ்டீயரிங் பிடிப்பது ஓர் ஆள். பின் சீட்டில் மூன்று பேர்: அம்மா, மகள், மகள் தூங்கி விழாமல் பிடித்துக்கொள்ள மனைவி. எனக்கு சன்ரூஃபும் பின் சீட்டும் எப்படி ஒரே மதிப்பாக இருக்க முடியும்? ஆகவே இன்ஜினுக்கு ஒரு பங்கு, வசதிக்கு ஒரு பங்கு, பாதுகாப்புக்கு மூன்று, பின் சீட்டுக்கு மூன்று, செலவுக்கு இரண்டு. ஆக மொத்தம் பத்து பங்கு. இதற்குப் பெயர்தான் வெயிட்டேஜ். (ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதியவர்களைக் கேளுங்கள்; வெயிட்டேஜ் என்றால் என்னவென்று கண்ணீரோடு விளக்குவார்கள்.)

பெருக்கிக் கூட்டினால், நூறுக்கு பொங்கல் 76. இட்லி 72. தோசை 69!

அதே மூன்று கார், அதே மார்க். ஒரு எண்ணைக்கூட நான் மாற்றவில்லை. ஆனால் வரிசை தலைகீழ். ஃபர்ஸ்ட் வந்தவர் லாஸ்ட். லாஸ்ட் வந்தவர் ஃபர்ஸ்ட்.

"அப்ப அந்த லிஸ்ட் பொய்யா அண்ணா?"

பொய் இல்லை. தனியாக ஓட்டி, வளைவுகளில் சுகம் காண்கிற ஆளுக்கு இன்ஜினுக்கு மூன்று, வசதிக்கு மூன்று, பாதுகாப்புக்கு இரண்டு, மற்ற இரண்டுக்கும் ஒவ்வொன்று என்று பங்கு போட்டால் தோசை 81 வாங்கி இன்னும் ஓஹோ என்று ஜெயிக்கிறது. மற்ற இரண்டும் எழுபதைத் தாண்டவில்லை. எல்லாப் பாடத்துக்கும் சமமாக மார்க் போட்டவரும் ஒரு வெயிட்டேஜ் போட்டவர்தான். அதை வெளியே சொல்லவில்லை, அவ்வளவே.

பாஸ் மார்க் எங்கே?

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் தமிழில் 95, கணக்கில் 20 வாங்கினால் ரிசல்ட் என்ன? மொத்தம் எவ்வளவு இருந்தாலும் ஃபெயில். ஒரு பாடத்தில் மிஞ்சியதை இன்னொரு பாடத்துக்குக் கடன் கொடுக்க முடியாது.

கார் கம்பேரிசனில் கொடுக்கலாம்! பாதுகாப்பில் குறைந்த மூன்று மார்க்கை, ஆறு ஸ்பீக்கரும் சன்ரூஃபும் சேர்ந்து ஈடு கட்டிவிடும். காகிதத்தில் மட்டும். ரோட்டில் மோதும்போது ஸ்பீக்கர் வந்து கை கொடுக்காது.

இந்த ஞானம் எனக்குப் புத்தகத்தில் வந்ததில்லை. கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஒரே பெயர், பூஜ்யமும் நான்கும்

2014 ஜனவரியில் லண்டனில் இருக்கும் குளோபல் என்கேப் என்ற அமைப்பு, இந்தியாவில் நன்றாக விற்றுக்கொண்டிருந்த ஐந்து சின்னக் கார்களை மோதவிட்டு ரிசல்ட் வெளியிட்டது. ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகம். காரின் முகத்தில் நாற்பது சதவிகிதம் மட்டும் தடுப்பில் போய் மோதும். எதிரே வரும் வண்டியோடு பாதி முகம் இடிபடுகிற மாதிரி. உள்ளே மனித எடையில் பொம்மைகள். தலை, கழுத்து, மார்பு, முழங்கால் என்று எங்கெங்கே எவ்வளவு அடி என்பதை சென்சார்கள் குறித்துக்கொள்ளும். அதிலிருந்துதான் மார்க். மார்க்கிலிருந்து நட்சத்திரம்.

ரிசல்ட்? பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்தும் பூஜ்யம். சோதித்தவை எல்லாம் ஏர்பேக் இல்லாத ஆரம்ப வேரியன்ட்கள்.

இதில் கவனிக்க வேண்டிய வேடிக்கை ஒன்று உண்டு. போலோ, ஃபிகோ இரண்டின் கூடும் மோதலில் நிலைகுலையாமல் நின்றது. மற்ற மூன்றின் கூடு தாங்கவில்லை; அவற்றில் ஏர்பேக் வைத்தாலும் பெரிய பலன் இருக்காது என்றார்கள். போலோவை இரண்டு ஏர்பேக்கோடு மறுபடி மோதினார்கள். நான்கு நட்சத்திரம்! ஒரே பெயர், ஒரே தோற்றம். ஒன்று பூஜ்யம், ஒன்று நான்கு. ஏர்பேக் இல்லாத போலோவை அந்தக் கம்பெனி அப்போதே நிறுத்திவிட்டது.

இதையெல்லாம் நான் அன்றே பேப்பரில் படித்தேன். படித்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா?

2015-ல் என் சித்தப்பா கார் வாங்கக் கிளம்பினார். ரிட்டயர்மென்ட் பணம். "நீதான் படிச்சவன், பாத்து சொல்லுப்பா" என்றார். நான் கட்டம் போட்டேன். மார்க் போட்டேன். கூட்டினேன். ஒரு காரைத் தேர்ந்தெடுத்தேன். அதில் ஏர்பேக் உள்ள வேரியன்ட்டுக்கு முப்பதாயிரம் ரூபாய் அதிகம். அன்றைக்கு ஏர்பேக் சட்டப்படி கட்டாயமில்லை. டிரைவர் ஏர்பேக் கட்டாயமானதே 2019 ஜூலையில்தான்.

"அது வேண்டாம் சித்தப்பா. அந்தக் காசுக்கு நல்ல சீட் கவர், மியூசிக் சிஸ்டம், அலாய் வீல் போட்டுக்கலாம்" என்று அடியேன்தான் சொன்னேன். காஸ்ட் அக்கவுண்டிங் படித்த மூளை!

மறு வருஷம், மேல்மருவத்தூர் தாண்டி, ராத்திரி எட்டரை மணி. பின் விளக்கு இல்லாமல் ஓரமாக நின்றிருந்த லாரி. சித்தப்பா அறுபதுக்குள்தான் போய்க்கொண்டிருந்தார். ஸ்டீயரிங்கில் மோதியதில் அவருக்குத் தாடையும் மூன்று விலா எலும்பும் போயின. பின் சீட்டில் சித்தி. பெல்ட் போடவில்லை. நம் வீடுகளில் பின் சீட்டில் யார் போடுகிறார்கள்? முன் சீட்டின் முதுகில் போய் இடித்ததில் இடுப்பு எலும்பு முறிந்தது. இன்றைக்கும் வாக்கர் வைத்துக்கொண்டுதான் நடக்கிறார்.

ஆஸ்பத்திரியில் சித்தப்பா ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. தாடையில் கம்பி கட்டியிருந்ததால் பேச முடியவில்லை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கம்பி எடுத்த பிறகும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் குத்துகிறது. ஏர்பேக் இருந்திருந்தால் சித்தப்பாவுக்கு அடி குறைந்திருக்கலாம். சித்திக்கு வேண்டியிருந்தது பெல்ட். இரண்டுக்கும் என் அட்டவணையில் கட்டமே இல்லை. மியூசிக் சிஸ்டத்துக்கு இருந்தது.

நட்சத்திரத்தை எப்படிப் படிப்பது?

தம்பி காபியைக் கீழே வைத்துவிட்டான். "அப்ப அஞ்சு ஸ்டார் வாங்கின காரா பாத்து எடுத்துடறேன் அண்ணா. கவலையே இல்ல."

அவசரப்படாதே என்றேன். நட்சத்திரமும் ஒரு மார்க் ஷீட்தான். அதையும் படிக்கத் தெரிய வேண்டும்.

முதலில், யாருக்கு நட்சத்திரம்? பெரியவர்களுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று என்று தனித்தனி ரிசல்ட். 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான், குளோபல் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியத் தயாரிப்பு என்று பெயர் எடுத்தது. பெருமையான விஷயம்தான். ஆனால் ஐந்து என்பது பெரியவர்களுக்கு. அன்று குழந்தைகளுக்குக் கிடைத்தது மூன்று. வீட்டில் குழந்தை இருந்தால் இரண்டாவது வரியையும் படிக்க வேண்டும்.

அடுத்து, எந்த சிலபஸ்? அந்த நெக்ஸான் வாங்கியது 17-க்கு 16.06. 2022 ஜூலையில் குளோபல் என்கேப் விதிகளைக் கடுமையாக்கி, பெரியவர்களுக்கான மொத்த மார்க்கை 34 ஆக்கியது. பக்கவாட்டு மோதலுக்கும் மார்க் வந்தது. 2024-ல் நெக்ஸான் புது சிலபஸிலும் 32.22 வாங்கித் தேறியது. குழந்தைகளுக்கும் ஐந்து நட்சத்திரம். பழைய ஐந்தும் புதிய ஐந்தும் ஒன்றல்ல. எஸ்.எஸ்.எல்.சி. பழைய பாடத்திட்டத்தில் மாநில முதல் என்பது மாதிரி, வருஷத்தைக் கேட்காமல் கை தட்டக் கூடாது.

நம் அரசாங்கமே நடத்தும் பாரத் என்கேப் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதில் பெரியவர்களுக்கு 32 மார்க், குழந்தைகளுக்கு 49. ஐந்து நட்சத்திரம் வேண்டுமானால் பெரியவர் பாதுகாப்பில் குறைந்தது 27, குழந்தைகளில் 41 வாங்க வேண்டும். முன்பக்க மோதல் 64 கிலோமீட்டர், பக்கவாட்டில் 50, கம்பத்தில் பக்கவாட்டாக இடிப்பது 29. ஆனால் கம்பெனிகள் விருப்பப்பட்டால்தான் பரீட்சைக்கு வரலாம் என்ற ஏற்பாட்டோடுதான் இது தொடங்கியது. ஆகவே ஒரு காருக்கு ரிசல்ட் இல்லை என்றால் ஃபெயில் என்றும் சொல்ல முடியாது, பாஸ் என்றும் சொல்ல முடியாது. ஆப்சென்ட்.

மூன்றாவது, பொம்மைகள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன? 2023-ல் வந்த விதிப்படி முன்பக்க மோதலில் பெரியவர் பொம்மைகள் இரண்டும் முன் சீட்டில். பின் சீட்டில் ஒன்றரை வயது, மூன்று வயதுப் பொம்மைகள், குழந்தைகளுக்கான சீட்டில். என் அம்மா மாதிரி, சித்தி மாதிரி பின்னால் உட்காரும் பெரியவருக்கு அந்தப் பரீட்சையில் பொம்மையே இல்லை! தவிர, எல்லாப் பொம்மைகளும் ஒழுங்காகப் பெல்ட் போட்டவை. பெல்ட் போடாதவருக்கு எந்த நட்சத்திரமும் ஜாமீன் நிற்காது. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்தபோது, அவர் இருந்தது விலை உயர்ந்த சொகுசு காரின் பின் சீட். பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீஸ் சொன்னது.

நான்காவது, வேகமும் எடையும். மோதலின் சக்தி வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 64-ஐவிட 100 ஒன்றரை மடங்குதான். ஆனால் அடி ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அதுபோல, தடுப்பில் மோதுவது தன் எடையுள்ள இன்னொரு காரோடு மோதுவது மாதிரி. சின்னக் காரின் ஐந்தும் பெரிய எஸ்.யூ.வி.யின் ஐந்தும் நேருக்கு நேர் இடித்தால் சமம் என்று அர்த்தமில்லை. ஒரே வகைக் கார்களுக்குள் ஒப்பிடத்தான் நட்சத்திரம்.

இவ்வளவு சொன்னதால் நட்சத்திரம் வேஸ்ட் என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவில் 1997-ல் முதல் ரிசல்ட் வந்தபோது, இந்தக் கடுமையான பரீட்சையில் எந்தக் காரும் நான்கு வாங்கவே முடியாது என்று வாதாடினார்கள். அதே வருஷம் ஜூலையில் வால்வோ எஸ்40 நான்கு வாங்கிக் காட்டியது! மார்க்கைப் பகிரங்கமாக ஒட்டினால் கம்பெனிக்காரரும் படிக்க ஆரம்பிக்கிறார். 2014-ல் பூஜ்யமாக இருந்த நம் ஊரில் இன்று ஐந்து நட்சத்திரம் விளம்பரத்தில் வருகிறதே, அது சும்மா வரவில்லை.

மற்ற மார்க்குகள்

மைலேஜ் என்று விளம்பரத்தில் வரும் எண்ணைப் பார்த்து மயங்காதவர் இல்லை. அது ரோட்டில் ஓடி வந்த எண்ணே இல்லை. லேபில், உருளைகள்மேல் காரை நிறுத்தி, இருபது நிமிஷத்துக்கும் குறைவாக, ஒரே அட்டவணைப்படி ஓட்டி எடுப்பது. உச்ச வேகம் 90. பல்லாவரம் சிக்னல் கிடையாது. ஏ.சி. போட்டுத் தூங்கும் மாமியார் கிடையாது. ஆனாலும் எல்லாக் காருக்கும் அதே லேப், அதே அட்டவணை என்பதால் ஒன்றோடொன்று ஒப்பிடலாம். பெட்ரோல் பட்ஜெட் போடத்தான் உதவாது.

அமெரிக்காவில் ஜே.டி. பவர் என்று ஒரு கம்பெனி, கார் வாங்கியவர்களிடம் கேட்டு, நூறு காருக்கு எத்தனை குறை என்று எண்ணிச் சொல்லும். முதல் 90 நாள் கணக்கு தனி, மூன்று வருஷக் கணக்கு தனி. நல்ல ஏற்பாடு. ஆனால் ப்ளூடூத் சேரவில்லை என்பதும் ஒரு குறை. கியர் பாக்ஸ் படுத்துவிட்டது என்பதும் ஒரு குறை! தலைவலியும் திருகுவலியும் ஒரே கணக்கில்.

அதே நாட்டில் 1936-ல் ஆரம்பித்த ஓர் அமைப்பின் பத்திரிகை கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ். விளம்பரம் வாங்குவதில்லை. சோதிக்கும் காரை யாரிடமும் ஓசி வாங்காமல், சாதாரண வாடிக்கையாளர் மாதிரி ஷோரூமுக்குப் போய்க் காசு கொடுத்து வாங்குகிறது. ஓட்டிப் பார்த்த மார்க்கோடு, வாங்கியவர்கள் சொன்ன ரிப்பேர் கணக்கும் சேர்ந்துதான் கடைசி மார்க். இப்போது நீங்கள் பார்க்கும் ரிவியூவை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கார் யாருடையது? கம்பெனி கொடுத்ததென்றால், ஓட்டியவர் எத்தனை நேர்மையானவராக இருந்தாலும், நாலாவது வருஷ சர்வீஸ் பில் அவர் கைக்கு வந்திருக்காது.

தம்பியின் புதுக் கட்டம்

"இப்ப என்னதான் பண்ணட்டும்?" என்றான் தம்பி, பரிதாபமாக.

மூன்றே வேலை. முதலில் பாஸ் மார்க். பாதுகாப்புக்கு, பட்ஜெட்டுக்கு, உன்னால் விட்டுக்கொடுக்க முடியாத எதற்கும் ஒரு குறைந்தபட்சம் வை. அதற்குக் கீழே போன கார் மற்றதில் நூறு வாங்கினாலும் வெளியே. (என் கணக்கில் பாதுகாப்புக்கு 7 பாஸ் என்றால், செகண்ட் வந்த இட்லி அவுட்.) ரிசல்ட் வந்த வேரியன்ட்டும் நீ வாங்கும் வேரியன்ட்டும் ஒன்றா என்று பார்.

இரண்டாவது, வெயிட்டேஜ். அதை ரிவியூ படிப்பதற்கு முன்னால் எழுது. படித்த பிறகு எழுதினால், பிடித்த கார் ஜெயிக்கிற மாதிரிதான் கை எழுதும். ஆடிட் ஆபீஸ் அனுபவம் சார் இது!

மூன்றாவது, காரில் உட்காரப் போகிறவர்களை மார்க் போடச் சொல்.

தம்பி பேப்பரை மடித்துக்கொண்டு போனான். ஒரு வாரம் ஆளைக் காணோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தான். புதுப் பேப்பர். ஆறாவதாக ஒரு பாடம் சேர்த்திருந்தான்: 'அம்மா ஏறி இறங்குவது.' முழங்கால் வலிக்காரர் அவன் அம்மா. மூன்று ஷோரூமுக்கும் கூட்டிக்கொண்டு போய் ஏற்றி இறக்கியிருக்கிறான். தோசையின் பின் சீட்டிலிருந்து எழுந்திருக்கக் கை கொடுத்துத் தூக்க வேண்டியிருந்ததாம். அம்மா போட்ட மார்க் இரண்டு. "அதுவும் ஏ.சி. நல்லா இருந்துதுன்னு போட்டாங்க அண்ணா!"

என்ன கார் வாங்கினான் என்று கேட்காதீர்கள். உங்கள் அம்மா வேறு, உங்கள் கணக்கு வேறு.

போன மாதம் சித்தியைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். வாக்கரை மடித்து டிக்கியில் வைத்துவிட்டு ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து சாவியில் கை வைத்தேன். பின்னாலிருந்து 'டக்'கென்று ஒரு சத்தம்.

"பெல்ட்டு மாட்டிட்டேன்ப்பா. இப்ப வண்டியை எடு" என்றார் சித்தி.